கல்லும் பெயரும்: சயாம்-பர்மா இருப்புப்பாதையில் மாண்டோரைத் தேடிய வரலாறு

காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய புறநானூற்று 278-ஆம் பாட்டை அறியாத தமிழ் மாணவர் இலர். போரில் மகன் புறங்காட்டினான் என்று பலரும் கூறக் கேட்ட முதியவள் ஒருத்தி, அது மெய்யாயின் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் எனச் சினந்து, வாளேந்திக் களம் புகுகின்றாள். குருதி தோய்ந்த நிலத்தில் கிடக்கும் பிணங்களை ஒவ்வொன்றாகப் புரட்டித் தேடுகின்றாள். முடிவில் துண்டுபட்டுக் கிடந்த தன் மகனின் உடலைக் காண்கின்றாள். அவனைப் பெற்றபோது அடைந்த மகிழ்ச்சியையும் விஞ்சிய மகிழ்ச்சி அவளுக்கு உண்டாகிறது. இப்பாட்டின் துறையை உவகைக்கலுழ்ச்சி என்று வகுத்தனர் முன்னோர்.

வீரத்தாயின் பெருமிதம் என்றே இதனை வகுப்பறையில் விளக்கி வருகின்றோம். ஆயின் இப்பாட்டினுள் மற்றொரு செய்தியும் உண்டு. மாண்டவனின் உடலைத் தேடிக் காண்பதும், இவன் இன்னான் என்று அடையாளம் கூறுவதும், அவனைப் பற்றிய பழிச்சொல்லை நீக்குவதும் உயிருடன் இருப்போரின் கடன் என்பதே அச்செய்தி. அந்த முதியவளுக்குப் போர்க்களம் நடந்து செல்லும் தொலைவில் இருந்தது. கடல் கடந்த நாட்டில், பெயரறியாக் காட்டில் மகன் மாண்டால் தாய் என் செய்வாள்? அவளுக்காகப் பிணம் புரட்டித் தேடுபவர் யார்? இருபதாம் நூற்றாண்டின் இரு பெரும் போர்களும் எழுப்பிய இவ்வினாவுக்கு உலகம் அளித்த விடையையும், அவ்விடையில் தமிழர் பெற்ற இடத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடுகல் மரபு

வீழ்ந்த வீரனுக்குக் கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் படிமுறையாகக் கூறுகின்றது. தக்க கல்லைக் காணுதல் காட்சி, அதனைக் கொள்ளுதல் கால்கோள், நீராட்டுதல் நீர்ப்படை, அதன்பின் நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்பன தொடரும். இளங்கோவடிகள் வஞ்சிக் காண்டத்தின் காதைகள் பலவற்றுக்கு இப்பெயர்களையே சூட்டினார். செங்கம் பகுதியில் கிடைத்த நடுகற்கள், வீரன் எந்த மன்னனின் ஆட்சியாண்டில், எந்த ஊர்ப் பூசலில் மாண்டான் என்பதைக் கூறுகின்றன. 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்-பிராமி எழுத்துடைய நடுகற்கள் இம்மரபின் பழைமையை ஐயமற நிறுவின.

நடுகல்லின் உயிர் அதில் பொறித்த பெயரே. உடல் மண்ணாகிவிடும், உற்றாரும் மறைந்துவிடுவர். வழிப்போக்கன் ஒருவன் நின்று படிக்கும்போது அப்பெயர் மீண்டும் ஒலிக்கின்றது. இக்கருத்தை மனத்துட் கொண்டே பின்வரும் வரலாற்றைக் காணல் வேண்டும்.

ஐரோப்பாவில் தோன்றிய முறை

பழங்காலத்தில் அயல்நாட்டுப் போரில் மாண்ட எளிய படைவீரரைப் பொதுக்குழியில் இட்டு மூடுவதே வழக்கம். படைத்தலைவர்க்கே தனிக்கல்லறை வாய்த்தது. முதல் உலகப் போரில் இந்நிலை மாறியது. 1914-இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊர்திப் பிரிவு ஒன்றுடன் பிரான்சுக்குச் சென்ற ஃபேபியன் வேர் என்பார், வீரர்களின் புதைகுழிகள் குறிப்பேதுமின்றி அழிவதைக் கண்டு அவற்றைப் பதிவு செய்யத் தொடங்கினார். அப்பணி வளர்ந்து, 1917 மே 21-இல் அரச பட்டயம் பெற்ற போர்க்கல்லறை ஆணையமாயிற்று. இன்று அது காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் என வழங்குகின்றது.

மாண்டவர் உடல்களைத் தாயகம் கொண்டு செல்வதில்லை என்று பிரித்தானியர் முடிவு செய்தனர். முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரன் 1915-இல் பிரான்சில் மாண்டபோது அவர் உடல் சிறப்பு இசைவுடன் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டது. செல்வாக்குடையோர்க்கு ஒரு முறை, ஏழையர்க்கு ஒரு முறை என்னும் நிலை உருவாகும் எனக் கருதியே அவ்வழி அடைக்கப்பட்டது. வீழ்ந்த நிலத்திலேயே அடக்கம்; தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவிலான கல்; பதவி, இனம், சமயம் ஆகிய வேற்றுமை இல்லை. இவையே ஆணையத்தின் கொள்கைகள். 1920-இல் நாடாளுமன்றத்தில் இவை குறித்துக் கடும் வாதம் எழுந்தது. மகனின் உடலைக் கேட்டு அழுத தாயரின் குரலும் அங்கு ஒலித்தது. எனினும் கொள்கையே வென்றது. அமெரிக்கா மாற்று வழியை மேற்கொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உறவினரின் விருப்பத்தைக் கேட்டு, ஏறத்தாழ 1,71,000 வீரர்களின் உடல்களை அது தாயகம் கொண்டு சேர்த்தது.

போர் ஓய்ந்தபின் பிரான்சிலும் பெல்சியத்திலும் தேடுதல் நிகழ்ந்த முறை அறியத்தக்கது. நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து வீரர்கள் வரிசையாக நடந்து தேடினர். மண்ணில் குத்தி நிறுத்திய துப்பாக்கி, சுற்றுப்புறத்தினும் நீலம் பாய்ந்த பச்சையாய்த் தழைத்த புல், நிறம் மாறித் தேங்கிய நீர், எலி வளையின் வாயில் கிடந்த எலும்புத்துண்டு ஆகியன அடியில் உடல் உள்ளதென்பதற்கு அறிகுறிகள். தோண்டியெடுத்த உடலில் அடையாள வில்லை உள்ளதா எனக் கழுத்தையும் மணிக்கட்டையும் பார்ப்பர். இல்லையேல் சட்டைப்பையைத் துழாவுவர். காலணியிலும் கரண்டியிலும் படையெண் வெட்டப்பட்டிருக்கிறதா என்று நோக்குவர். 1921 இறுதிக்குள் இவ்வாறு மீட்கப்பட்ட உடல்கள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் பலவற்றுக்குப் பெயர் கிட்டவில்லை.

பெயர் கிட்டாதோரின் கல்லில் பொறிக்க வேண்டிய தொடரை ஆணையத்துக்கு வகுத்தளித்தவர் ரட்யார்ட் கிப்ளிங் என்னும் கவிஞர். அவ்வீரனை இறைவன் மட்டும் அறிவான் என்பது அதன் பொருள். அக்கவிஞரின் ஒரே மகன் ஜான் 1915-இல் லூஸ் போரில் காணாமற்போனான். போர்ப்பாட்டுப் பாடிய தந்தை, 1936-இல் தாம் இறக்கும்வரை மகனின் கல்லறையைக் காணவில்லை. 1992-இல் ஆணையம் ஒரு கல்லறையை ஜானுடையது என அறிவித்தது. அது சரியா என்ற ஆய்வும் பின்னர் நடந்தது. பெயரற்ற கல்லுக்குச் சொல் தந்த கவிஞரே பெயரற்ற கல்லுக்குரியவனின் தந்தையாகவும் இருந்தார் என்பது எண்ணி நெஞ்சு கனக்கும் செய்தி.

சமத்துவக் கொள்கை எங்கும் ஒரே வகையாய்ப் பேணப்பட்டதா? பிரான்சில் நியூவ் சப்பேல் என்னுமிடத்தில் 1927-இல் திறக்கப்பட்ட இந்திய நினைவிடத்தில், கல்லறை அறியப்படாத 4,700-க்கு மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் உள்ளன. ஆனால் 1929-இல் எழுந்த பசுரா நினைவிடத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர்கள் இடம்பெற, எளிய சிப்பாய்கள் படைப்பிரிவுதோறும் வெறும் எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். ஐரோப்பியர் கண் படும் இடத்தில் பெயர், பாலைநிலத்தில் எண். 2021-இல் ஆணையமே வெளியிட்ட ஆய்வறிக்கை, ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களும் படைத்தொழிலாளருமாகிய குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படாமலோ நினைவுகூரப்படாமலேயோ விடப்பட்டனர் என ஒப்புக்கொண்டது. அத்தொகை 3,50,000 வரை இருக்கலாம் என்றும் அவ்வறிக்கை கூறிற்று.

மரண இருப்புப்பாதை

இனி நம் கட்டுரையின் நடுநிலத்துக்கு வருவோம். 1942-இல் மலாயாவையும் சிங்கப்பூரையும் கைப்பற்றிய சப்பானியப் படை, பர்மாப் போர்முனைக்குத் தரைவழியே பொருள் அனுப்ப இருப்புப்பாதை ஒன்றை அமைக்க முனைந்தது. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கி.மீ. நீளமுள்ள அப்பாதை, 1943 அக்டோபரில் நிறைவுற்றது. மலையை உளியாலும் வெடியாலும் பிளந்து, மூங்கிற்காட்டை வெட்டி, இடைவிடா மழையில் அதனை அமைத்தவர் இருவகையினர். ஒரு வகையினர், பிரித்தானியர், ஆசுத்திரேலியர், டச்சுக்காரர், அமெரிக்கர் ஆகிய 60,000-க்கு மேற்பட்ட போர்க்கைதிகள். மற்றொரு வகையினர், தமிழர், பர்மியர், மலாய்க்காரர், சாவகர் முதலிய இரண்டு இலட்சம் அளவிலான ஆசியத் தொழிலாளர்.

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் முதலில் நல்ல கூலி, மூன்று மாத வேலை போன்ற ஆசைமொழிகளாலும், பின்னர் வல்லந்தமாகவும் அழைத்துச் செல்லப்பட்டனர். சரக்கு வண்டிகளில் அடைபட்டுப் பான் போங் சேர்ந்து, அங்கிருந்து காட்டுவழியே நடந்தனர். சிலர் மனைவி மக்களோடும் சென்றனர். 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி முகாம்தோறும் பரவியது. கைதிகளுள் மாண்டோர் ஏறத்தாழ 13,000. தொழிலாளருள் மாண்டோர் 80,000 முதல் 1,00,000 வரை என்பது போர்க்கல்லறை ஆணையம் தரும் மதிப்பீடு. முன்னது கணக்கு, பின்னது மதிப்பீடு. இவ்வேறுபாட்டிலேயே இவ்வரலாற்றின் துயரம் அடங்கியுள்ளது.

1945: தேடற்குழுவின் பயணம்

கைதிகள் சிறையிலும் படையமைப்பைக் கைவிடவில்லை. ஒவ்வொரு முகாமிலும் இறந்தவரின் பெயர், படையெண், நாள், நோய், புதைத்த இடம் ஆகியவற்றை அதிகாரிகளும் மருத்துவரும் குறித்து வைத்தனர். காவலர் கண்ணில் படாதவாறு அத்தாள்களைப் புட்டியிலும் தகரத்திலும் அடைத்து மறைத்தனர். சில ஏடுகளைக் கல்லறைக்குள்ளேயே புதைத்தனர். மாண்டவனே தன் தோழரின் பெயர்ப்பட்டியலுக்குக் காவலனாய்க் கிடந்தான்.

சப்பான் சரணடைந்த சில கிழமைகளில், 1945 செப்டம்பர் இறுதியில், ஒரு சிறு தேடற்குழு அப்பாதை வழியே புறப்பட்டது. அதன் உறுப்பினருள் விடுதலை பெற்ற கைதிகளும் இருந்தனர். வீடு திரும்பும் கப்பலை விட்டுவிட்டு, தாம் துன்புற்ற அதே காட்டுக்கு அவர்கள் தம் விருப்பால் திரும்பினர். ஓராண்டுக்குள் மூங்கிலும் கொடியும் முகாம்களை மூடிவிட்டிருந்தன; மரச்சிலுவைகள் கறையானுக்கு இரையாகியிருந்தன. எனினும் மறைத்து வைத்த பட்டியலும் உடன் சென்றோரின் நினைவும் வழிகாட்டின. ஏறத்தாழ மூன்று வாரங்களில் 144 இடுகாடுகளில் 10,549 கல்லறைகள் கண்டறியப்பட்டன. தேடியவற்றுள் கிட்டாதவை 52 மட்டுமே. போர்க்காலக் காட்டில் இத்தகைய வெற்றி வியப்புக்குரியது. பெயரை எழுதி வைத்த கைகளே அதற்குக் காரணம்.

அக்குழுவுடன் மொழிபெயர்ப்பாளராகச் சென்றவர் நகாசே தகாஷி என்னும் சப்பானியர். காஞ்சனபுரியில் கைதிகளை வதைத்து வினவிய படைக்காவல் பிரிவில் அவர் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். கல்லறை கல்லறையாய்க் கண்ட காட்சி அவர் வாழ்வை மாற்றியது. கழுவாயாக 1986-இல் குவாய் ஆற்றுப் பாலத்தருகே பௌத்தக் கோயில் ஒன்றை எழுப்பினார். தாம் உடனிருக்க வதைபட்ட எரிக் லோமாக்ஸ் என்னும் முன்னாள் கைதியை 1993-இல் அப்பாலத்தின் அருகிலேயே சந்தித்து மன்னிப்பு வேண்டினார். வென்றவரும் தோற்றவரும் ஒரே இடுகாட்டில் ஒருங்கே குனிந்து தேடிய அந்த மூன்று வாரங்களே அச்சந்திப்புக்கு வித்து எனலாம்.

பின்னர் உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டு, தாய்லாந்தில் காஞ்சனபுரி, சுங்காய் ஆகிய இடங்களிலும், பர்மாவில் தன்பியூசயாத்திலுமாக மூன்று கல்லறைத் தோட்டங்களில் அடக்கம் செய்யப்பட்டன. அமெரிக்கரின் உடல்கள் மட்டும் தாயகம் சென்றன. காஞ்சனபுரியில் காமன்வெல்த் வீரர் 5,084 பேருக்கும் டச்சு வீரர் 1,896 பேருக்கும் இடம் அமைந்துள்ளது. நீக்கே முகாமில் 1943-இல் வாந்திபேதியால் மாண்டு எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 300 பேரின் சாம்பல் அங்கு இரு கல்லறைகளில் அடக்கம் பெற்றது. சாம்பலுக்கும் இடம் உண்டு. புல்வெளி நாள்தோறும் பேணப்படுகின்றது. சென்னை நந்தம்பாக்கத்தில் 1952-இல் உருவான போர்க்கல்லறைத் தோட்டத்தைக் கண்டோர் அந்த ஒழுங்கையும் தூய்மையையும் எளிதில் உணர்வர்.

தேடப்படாதோர்

அதே பாதையில், அதே மாதத்தில், அதே நோயால் மாண்ட தமிழனின் கல்லறை எங்கே? அவனைத் தேடி எக்குழுவும் புறப்படவில்லை. அவன் படைவீரன் அல்லன். ஆதலின் ஆணையத்தின் பட்டயம் அவனைத் தழுவவில்லை. அவனுக்குப் படையெண் இல்லை; கழுத்தில் வில்லை இல்லை; முகாமில் பெயர் குறிக்கும் அதிகாரி இல்லை; முறையான மருத்துவரும் இல்லை. நோயுற்றவனைக் கவனிக்க வேண்டிய உறவினரும் அருகிலேயே நோயுற்றுக் கிடந்தனர். இறந்தோரைப் பொதுக்குழியில் தள்ளியும் குவித்து எரித்தும் சென்றனர். போர் முடிந்தபின் தோட்டத்து லயங்களுக்குத் திரும்பியோர் சிலர். திரும்பாதோரைப் பற்றி அவர்கள் கூறிய வாய்மொழியே ஆவணம்.

இதில் வியக்கத்தக்க முரண் ஒன்று உண்டு. மாண்டோரின் ஆவியைத் தணிக்கவெனச் சப்பானியப் படையே 1944 பிப்ரவரியில் பாலத்தருகே ஒரு நினைவுத்தூண் எழுப்பியது. அதன் சுற்றுச்சுவரில் பிற மொழிகளுடன் தமிழ் எழுத்துகளும் பொறிக்கப்பட்டன. சாகடித்தவரின் கல்லிலே தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆயினும் அதில் ஒரு தமிழனின் பெயர்கூட இல்லை. பின்னாளில் காஞ்சனபுரியின் பௌத்த விகாரை ஒன்றில், பாதையோரத்தில் கிடைத்த ஆசியத் தொழிலாளரின் எலும்புகள் தொகுத்து அடக்கம் செய்யப்பட்டன. 1990-இல் காஞ்சனபுரி நகரையொட்டிய வயலொன்றை அகழ்ந்தபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவர்தம் பெயர் கூறுவார் எவரும் இலர்.

ஆவணம் கைவிட்ட இடத்தில் இலக்கியம் கைகொடுக்க முயன்றது. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய புதினங்கள் அத்தொழிலாளரின் வாழ்வையும் சாவையும் பதிவு செய்தன. ரெங்கசாமி தம் நூலுக்கு இட்ட பெயரே, இல்லாத நினைவுச்சின்னத்தை எண்ணி இட்ட பெயர் எனல் மிகையாகாது. நெடுநாள் கழித்து, 2023-இல், தாய்லாந்து, மலேசியத் தமிழரின் முயற்சியாலும் தமிழ்நாட்டரசின் நிதியுதவியாலும் காஞ்சனபுரியில் அவர்களுக்கென ஒரு நினைவுக்கல் எழுந்தது. அதனை நடுகல் என்றே அழைத்தனர். ஈராயிரம் ஆண்டுப் பழஞ்சொல் ஒன்று குவாய் ஆற்றங்கரையில் மீண்டும் பொருள் பெற்றது.

எஞ்சிய கடன்

எனினும் அந்நடுகல் முழுமை பெற்றதா? தொல்காப்பியம் கூறும் படிமுறைகளுள் கல்லைக் காண்பதும் கொள்வதும் நடுவதும் நிகழ்ந்துவிட்டன. வாழ்த்தல் மட்டும் எஞ்சியுள்ளது. வாழ்த்துவதற்குப் பெயர் வேண்டும். பல்லாயிரவர்க்குப் பொதுவாய் நின்ற கல், கிப்ளிங் தந்த தொடரைப் போல, இறைவன் மட்டும் அறிவான் என்றே இன்றளவும் கூறிக்கொண்டிருக்கின்றது.

எல்லாப் பெயர்களையும் இனி மீட்டல் இயலாது. எட்டு இலக்க உலகப்போர்ச் சாவுகளில் பெயரிழந்தோர் எல்லா இனத்திலும் உளர். அப்பாதையை வெட்டுவித்த சப்பானியருள்ளும், அயல்நாட்டில் மாண்ட ஏறத்தாழ 24 இலட்சம் பேரில் 11 இலட்சத்துக்கு மேற்பட்டோரின் எலும்புகள் இன்னும் தாயகம் திரும்பவில்லை. ஆயினும் அந்நாடு 1950-களிலிருந்து தேடி வருகின்றது. 2016-இல் அதனை அரசின் கடமையாகச் சட்டமும் இயற்றியது. தேடுவோர் உள்ளவரை மாண்டோர் முற்றும் மறைவதில்லை.

நாம் தேடத்தக்க இடம் காடன்று, வீடே. சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை என்று ஒற்றை வரியில் பேசப்படும் தாத்தாவோ பெரியப்பாவோ தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் மலேசியத் தோட்டங்களிலும் பல குடும்பங்களில் இருக்கக்கூடும். அவர்தம் பெயர், ஊர், தோட்டம், போன ஆண்டு ஆகிய நான்கையும் ஓர் ஏட்டில் எழுதி வைத்தால், அதுவே கைதிகள் புட்டியில் மறைத்த பட்டியலுக்கு நிகராகும். பத்தாண்டுகளாகக் கவிதையை ஓம்பிவரும் இவ்வட்டத்தினர்க்கு இது புறம்பான பணியன்று. சங்கப் புலவர் கல்லில் இருந்த பெயரைப் பாட்டில் ஏற்றினர். இன்றைய புலவர் வாய்மொழியில் இருக்கும் பெயரைக் கல்லில் ஏற்றத் துணைபுரியலாம்.

நச்செள்ளையாரின் முதியவள் ஒவ்வொரு பிணமாகப் புரட்டினாள். தன் மகன் அல்லாத பிணங்களையும் அவள் கைதான் தொட்டது. அவற்றுக்கும் தாயர் இருந்தனர். குவாய் ஆற்றங்கரையில் கிடக்கும் நம்மவரைப் புரட்டிப் பார்க்க அத்தகைய ஒரு கை இன்னும் வேண்டப்படுகின்றது.